ஊர் வணிகர் சங்க நிர்வாகிகளுக்கு: உறுப்பினர் பட்டியலை எழுத்தாக இணையத்தில் ஏற்றுங்கள்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

வெளியூரில் இருப்பவர் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வாங்க நினைத்தால், முன்பெல்லாம் கூகுளில் இரண்டு சொல் தட்டிவிட்டு, வருகிற பட்டியலில் நாலைந்து கடைகளைத் திறந்து பார்ப்பார். இப்போது கைபேசியிடம் வாயாலேயே கேட்கிறார்: "கோவில்பட்டியில வெல்லப்பாகுல செஞ்ச கடலைமிட்டாய், அஞ்சு கிலோ, பெங்களூருக்கு கூரியர் அனுப்புற கடை எது? ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா?" செயற்கை நுண்ணறிவுச் (ஏஐ) செயலியான சாட்ஜிபிடியோ ஜெமினியோ இரண்டு மூன்று கடைகளின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. கேட்டவரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார். கூகுள் தேடலின் மேலே பதிலாக வரும் ஏஐ சுருக்கம் இந்தியாவுக்கு 2024 ஆகஸ்டில் வந்தது. சாட்ஜிபிடியில் இணையத் தேடல் அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் சேர்ந்தது. 2025 பிப்ரவரியிலிருந்து கணக்கு இல்லாதவர்களும் அதில் தேடலாம்.

இந்தப் பதில்களில் விடுபடும் சிறு கடைகளில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால்தான் விடுபடுகின்றன. அவற்றைப் பற்றி இயந்திரம் படிக்கும்படியான எழுத்து இணையத்தில் இல்லை. கடை நேரம் ஷட்டரில் இருக்கிறது, விலைப்பட்டியல் வாட்ஸ்அப் படத்தில் இருக்கிறது, கூரியர் விவரம் முதலாளியின் வாயில் இருக்கிறது. இதில் பாதியைக் கடைக்காரர் தன் கைபேசியிலேயே சரிசெய்துகொள்ளலாம். மறுபாதியைச் சங்கம்தான் செய்ய முடியும். அதைக் கேட்கத்தான் இந்த மடல். கோவில்பட்டியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டோம். திண்டுக்கல் பூட்டுக்கும் மதுரைச் சுங்குடிக்கும் இதே கணக்குத்தான்.

ஏஐ பதில் உருவாகும் விதம் தெரிந்தால் என்ன எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். மேலே உள்ள கேள்வியை அது அப்படியே தேடுவதில்லை. கோவில்பட்டி கடலைமிட்டாய்க் கடைகள், வெல்லத்தில் செய்பவர், கூரியர் வசதி, ஞாயிறு நேரம் என்று நாலைந்து சிறு தேடல்களாக உடைத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற பக்கங்களில் சிலவற்றைப் படிக்கிறது. விடைகளைக் கோத்துத் தருகிறது. ஆகவே நாலு துண்டுக் கேள்விக்கும் எழுத்தில் விடை வைத்திருக்கிற கடை உள்ளே வரும். "தரமான, பாரம்பரியமிக்க, நம்பிக்கையான" என்று மட்டும் எழுதிவைத்திருக்கிற கடை எந்தத் துண்டுக்கும் பொருந்தாது.

முதலில் கடைக்காரர் செய்ய வேண்டியது. சங்கம் ஒரு நாள் முகாம் போட்டுச் செய்துகொடுத்தால் வேகமாக முடியும்.

கூகுள் மேப்பில் கடைக்குரிய பதிவுதான் அடிப்படை. 2021 நவம்பர் வரை கூகுள் மை பிசினஸ் என்றிருந்தது, இப்போது கூகுள் பிசினஸ் புரொஃபைல். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. "கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடையை மேப்பிலிருந்து எடுத்துவிடுவோம்" என்று வரும் அழைப்பு மோசடி. முகாமின் வாசலிலேயே இதைக் கொட்டை எழுத்தில் ஒட்டிவையுங்கள்.

பதிவு யாருடைய ஜிமெயிலில் இருக்கிறது என்பதை அடுத்ததாகப் பாருங்கள். யாரோ ஏஜென்ட் வந்து தன் கணக்கில் பதிந்துகொடுத்துவிட்டுப் போயிருப்பார்; எண்ணை மாற்ற வேண்டுமென்றால் அவரைத் தேட வேண்டும். மேப்பில் அந்தப் பதிவைத் திறந்து உரிமை கோரினால் இப்போதைய உரிமையாளருக்குப் பதில் சொல்ல 3 நாள் தவணை. பதில் வராவிட்டால் பல நேரங்களில் நேரடிச் சரிபார்ப்புக்கு வழி திறக்கும். இதை விட்டுவிட்டுப் புதிதாக இன்னொரு பதிவு போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஒரே கடைக்கு இரண்டு பதிவு, இரண்டு தொலைபேசி எண், மதிப்புரைகள் எல்லாம் பழையதில் என்று குழம்பிப்போகும். கடை இடம் மாறினாலும் அப்படித்தான்: பழைய பதிவில் முகவரியைத் திருத்துங்கள், புதியது வேண்டாம்.

சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே தொடர்ச்சியாக, குறைந்தது 30 நொடி. தெருப்பெயர்ப் பலகையிலோ பக்கத்துக் கடையிலோ தொடங்கி, நம் கடைப் பலகையைக் காட்டி, சாவியால் ஷட்டரைத் திறந்து, கல்லாவையும் சரக்கையும் காட்டி முடிக்க வேண்டும். சாவி எதற்கென்றால், எடுப்பவர் கடைக்கு உரியவர்தான் என்பதற்கு அதுதான் சான்று. பலகையில் ஒரு பெயரும் பதிவில் வேறு பெயரும் இருப்பது, இருட்டில் எடுப்பது, நடுவில் நிறுத்தி ஒட்டுவது ஆகியவற்றால் நிராகரிப்பு வரும். ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் எதையும் வீடியோவில் காட்டக் கூடாது. முடிவு ஐந்து வேலை நாளுக்குள் வந்துவிடும் என்கிறது கூகுள். தபால் அட்டை வழி கிடைத்தால் அட்டை வர 14 நாள் வரை ஆகலாம், அதிலுள்ள குறியீடு 30 நாளில் காலாவதியாகும். அதற்குள் பெயரையோ முகவரியையோ திருத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகலாம்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் சிக்கல் இங்கேதான். ஜிஎஸ்டி சான்றில் ஒரு பெயர், பலகையில் ஒரு பெயர், க்யூஆர் அட்டையில் முதலாளியின் பெயர், பழைய ஜஸ்ட்டயல் பதிவில் அப்பாவின் பெயர். இவை நாலும் ஒரே கடை என்று தெருக்காரருக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. பலகையில் இருப்பது எதுவோ அதையே தமிழில் ஒரு வடிவம், ஆங்கில எழுத்தில் ஒரு வடிவம் என்று முடிவுசெய்து எல்லா இடத்திலும் எழுத்துப் பிசகாமல் போடுங்கள். ஸ்ரீ என்று தொடங்கும் கடைகளுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை: யூனிகோடில் (கணினியிலும் கைபேசியிலும் இன்று வழங்கும் பொது எழுத்துமுறை) அந்த எழுத்தை ஸகர மெய்யை வைத்தும் அடிக்கலாம், ஶகர மெய்யை வைத்தும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், உள்ளே குறியீடு வேறு. சில இடங்களில் தேடினால் ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காது. ஓர் இடத்தில் அடித்ததை மற்ற இடங்களில் நகலெடுத்து ஒட்டுவதே பத்திரம்.

பெயரோடு வால் சேர்க்கவும் வேண்டாம். "ஒரிஜினல் கோவில்பட்டி கடலைமிட்டாய் பெஸ்ட் ஷாப் நியர் மீ" என்று பெயர்க் கட்டத்தில் நிரப்புவது கூகுள் விதிப்படி தவறு. பதிவே முடக்கப்படலாம். அந்தச் சொற்களுக்கு உரிய இடம் வகையும் விவரிப்பும்தான். முதன்மை வகை ஒன்று, கூடுதல் வகை 9 வரை போடலாம். கடையில் உண்மையில் நடக்கும் வியாபாரத்துக்கு மூன்று நாலு போதும்.

விவரிப்புக்கு 750 எழுத்து. தமிழில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படுவதால் 80, 90 சொல்தான் கொள்ளும். ஒரு மாதிரி தருகிறோம், அளவுகளை அவரவர் கடைக்கு மாற்றிக்கொள்ளட்டும்:

"கடலைமிட்டாய், எள்ளுமிட்டாய், பொரியுருண்டை செய்து விற்கிறோம். கடலைமிட்டாய் வெல்லப்பாகில் மட்டும், சர்க்கரை சேர்ப்பதில்லை. 200 கிராம், 500 கிராம், 1 கிலோ பொட்டலம். விசேஷங்களுக்கு 10 கிலோவுக்கு மேல் வேண்டுமென்றால் 2 நாள் முன்பு சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளும் பெங்களூருக்கும் கூரியர் உண்டு, குறைந்தது 2 கிலோ. செண்பகவல்லியம்மன் கோவிலிலிருந்து நடந்து வரலாம். எங்களுக்கு வேறு கிளை இல்லை."

கடைசி வரியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். நம் ஊர்ப் பலகைகளில் காலம்காலமாக எழுதிவருகிற வரிதான். ஒரே பெயரில் பைபாஸில் இரண்டு கடை, பேருந்து நிலையத்தில் ஒரு கடை இருக்கும்போது, ஏஐ ஒன்றின் மதிப்பெண்ணையும் மற்றதன் தொலைபேசி எண்ணையும் கலந்து சொல்லிவிடுகிறது. கிளை உண்டா இல்லையா என்பது எழுத்தில் இருந்தால் அந்தக் கலப்பு குறைகிறது. விலையை விவரிப்பில் எழுத வேண்டாம். பொருள்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, அங்கே போட்டால் மாற்றுவதும் எளிது. வடநாட்டார் "சிக்கி" என்று கேட்பார்கள். ஒரு பொருளின் பெயரில் அதையும் சேர்த்துவிடுங்கள்.

நேரம். மே 5 வணிகர் தினத்தன்று மாநாட்டுக்காகப் பல ஊர்களில் கடையடைப்பு. மேப் மட்டும் "திறந்திருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஊர்த் தேர், மாட்டுப்பொங்கல், அமாவாசை விடுமுறை எதுவும் கூகுளுக்குத் தானாகத் தெரியாது. சிறப்பு நேரம் என்ற பகுதியில் முன்கூட்டியே போட்டுவைக்கலாம். சங்கம் ஆண்டுத் தொடக்கத்திலேயே விடுமுறைப் பட்டியலை உறுப்பினர்களுக்கு அனுப்பி, "இன்றே மேப்பில் ஏற்றிவிடுங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் இது முடிந்தது. இன்னொன்று: பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம் என்பதால், நடக்கிற கடை திடீரென்று "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று மாறிவிடுவதுண்டு. வாரம் ஒருமுறை தன் கடையைத் தானே தேடிப் பார்ப்பதைத் தவிர இதற்கு மருந்து இல்லை.

வீட்டிலிருந்து முறுக்கு சுட்டு விற்கும் பெண்கள், பிளம்பர், ஏசி மெக்கானிக் போன்றவர்கள் முகவரியை மறைத்துவிட்டுச் சேவை தரும் ஊர்களை மட்டும் போடலாம். 20 பகுதி வரை அனுமதி உண்டு. வீட்டு முகவரியைப் பொதுவில் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். அந்தத் தயக்கத்தாலேயே பதியாமல் இருப்பவர்கள் உண்டு.

கூகுள் பதிவு சரியானதும், மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கில் கடைகளைப் பதியும் பிங் பிளேசஸில் அதையே இறக்குமதி செய்துகொள்ளலாம். சாட்ஜிபிடியின் தேடலில் பிங்கின் பங்கு இருப்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. ஐபோன்காரர்களுக்காக ஆப்பிளின் பதிவும் உண்டு. மூன்றையும் ஒரே உட்காரலில் முடிக்கலாம்.

மதிப்புரைக்கு வருவோம். "சூப்பர்", "நைஸ்" என்ற ஐந்து நட்சத்திரங்களில் ஏஐக்குப் படிக்க ஒன்றுமில்லை. "இரண்டு கிலோ ஓசூருக்கு வரவழைத்தோம், உடையாமல் வந்தது" என்ற ஒற்றை வரிதான் கூரியர் கேள்விக்கு விடையாகிறது. வாங்கியவரிடம் என்ன வாங்கினீர்கள் என்று எழுதச் சொல்லலாம், அவ்வளவுதான். தள்ளுபடி கொடுத்து எழுதவைப்பது, ஊழியர்களை எழுதவைப்பது, திருப்தியானவர்களிடம் மட்டும் தேர்ந்து கேட்பது மூன்றும் விதிமீறல். குறை சொன்னவருக்குச் சண்டையில்லாமல் தகவலோடு பதில் எழுதுங்கள். அந்தப் பதிலும் எழுத்துத்தான், அதுவும் படிக்கப்படும்.

இனி சங்கத்தின் பங்கு.

ஒரு கடை தன்னைப் பற்றித் தானே சொல்வது ஒன்று, ஊர்ச் சங்கம் "இவர் எங்கள் உறுப்பினர், இன்ன தெருவில் இன்ன வியாபாரம்" என்று சொல்வது வேறு. அந்த இரண்டாவது சான்று பெரும்பாலான ஊர்களில் இணையத்தில் இல்லை. இருந்தாலும் ஆண்டு மலரை ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாகவோ, முகநூலில் போட்ட புகைப்படமாகவோ இருக்கும். இல்லையென்றால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதாக இருக்கும். பழைய எழுத்துருச் சிக்கல் பலருக்குத் தெரிவதே இல்லை: அந்தக் கணினியில் அழகான தமிழாகத் தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சேமிக்கப்பட்டிருக்கும். தேடுபொறிக்கு அது தமிழே அல்ல. அச்சகத்தில் வாங்கிய கோப்பை அப்படியே ஏற்றாமல் யூனிகோடுக்கு மாற்றி, ல, ள, ழ மாறியிருக்கிறதா என்று ஒருவர் உட்கார்ந்து படித்துத் திருத்தியபின் ஏற்ற வேண்டும். சோதனை எளிது: பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாக விழுந்தால் சரி.

கேட்பது பெரிய தளம் அல்ல. சங்கத்தின் பெயரில் ஒரு டொமைன் (இணைய முகவரி), அதில் கடைக்கு ஒரு பக்கம். பக்கத்தில் கடைப்பெயர் இரு எழுத்திலும், வகை, கதவு எண் (பழையது, புதியது இரண்டும் இருந்தால் இரண்டும்), தெரு, அடையாள இடம், அஞ்சல் எண்ணோடு ஊர், அதாவது "கோவில்பட்டி 628501" என்று முழுமையாக, கடை எண், நேரம், வாரவிடுமுறை, செய்கிற அல்லது விற்கிற பொருள்கள், அனுப்பும் ஊர்கள், உணவுக் கடையென்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண். கீழே "விவரம் சரிபார்த்த நாள்". இந்த நாள் முக்கியம். இரண்டு இடத்தில் வெவ்வேறு நேரம் இருந்தால் எது புதியது என்று காட்டுவது அதுதான். எல்லாக் கடையையும் ஒரே நீளப் பக்கத்தில் அடுக்கினால் தேடலில் எந்தக் கடையும் தனித்து நிற்காது. அதனால்தான் தனிப் பக்கம் கேட்கிறோம்.

புவிசார் குறியீடு (ஊரின் பெயரால் அறியப்படும் பொருளுக்குத் தரும் சட்டப் பதிவு) உள்ள ஊர்களில் சங்கத்துக்கு இன்னொரு கடமை சேர்கிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் குறியீடு கிடைத்தது. ஆனால் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் பயன்படுத்த ஒவ்வொரு உற்பத்தியாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். "அசல் கடலைமிட்டாய் யாரிடம் கிடைக்கும்" என்று கேட்டால் ஏஐ யார் சத்தமாக எழுதியிருக்கிறாரோ அவரையே சொல்லும். பதிவுபெற்றவர் யார் யார் என்ற பட்டியலைச் சங்கம் எழுத்தில் போட்டால்தான் அது சரியான விடையைக் காண வழி பிறக்கும்.

தளம் செய்துகொடுப்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் (உலாவிக்குள் ஓடிப் பக்கத்தை நிரப்பும் நிரல்) இல்லாமலும் கடை விவரம் பக்கத்தில் தெரிகிறதா? பல ஏஐ நிறுவனங்களின் தேடல் நிரல்கள் ஜாவாஸ்கிரிப்டை இயக்கிப் பார்ப்பதில்லை, அவற்றுக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளைத் தாள். எந்தத் தேடல் நிரல் தளத்தைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் கூகுள்பாட், பிங்பாட், ஓஏஐ-சர்ச்பாட், பெர்ப்ளெக்சிட்டிபாட் தடுக்கப்பட்டிருக்கின்றனவா? தளத்துக்கு முன்னால் காவலாக நிற்கும் கிளவுட்ஃபிளேர் சேவையைப் பயன்படுத்தினால் ஏஐ நிரல்களைத் தடுக்கும் பொத்தான் எந்த நிலையில் இருக்கிறது? 2025 ஜூலையிலிருந்து புதிதாகச் சேரும் டொமைன்களுக்கு அந்தத் தடை இயல்பாகவே போடப்படுகிறது. பத்திரிகை நிறுவனத்துக்கு அது பாதுகாப்பு. கடை விலாசம் ஊருக்குத் தெரிய வேண்டும் என்று தளம் வைக்கும் சங்கத்துக்கு அது தானே வைத்துக்கொண்ட பூட்டு.

கூகுளே இலவசமாகக் கொடுத்துவந்த பிசினஸ் டாட் சைட் பக்கங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. விசிட்டிங் கார்டிலும் பில் புத்தகத்திலும் இன்னும் அந்த முகவரியை அச்சடிக்கிற உறுப்பினர்கள் இருப்பார்கள். முகாமில் கேட்டுப் பாருங்கள்.

விற்க வருபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. "ஏஐயில் உங்கள் கடையை முதலிடத்தில் கொண்டுவருகிறோம்" என்று மாதக் கட்டணம் பேசுகிறவரை நம்ப வேண்டாம். ஒரே கேள்விக்குக் காலையில் ஒரு விடையும் மாலையில் ஒரு விடையும் வருகிற இடத்தில் முதலிடம் என்று ஒன்று நிலையாக இல்லை. ஏஐக்கென்று தனிக் கோப்பு வைக்க வேண்டும் என்று அதற்கொரு தொகை கேட்பவர்களும் உண்டு. தன் ஏஐ சுருக்கத்தில் வருவதற்குத் தனிக் கோப்போ தனிக் குறியீடோ தேவையில்லை என்று கூகுள் தன் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. கடை விவரத்தை இயந்திரம் எளிதில் பிரித்துப் படிக்க ஸ்கீமா குறிப்பு சேர்ப்பது நல்லதுதான். பத்திருபது வரி வேலை அது, வடிவமைப்புக் கூலிக்குள் அடங்க வேண்டியது.

செய்தது பலிக்கிறதா என்று பார்க்க, உங்கள் ஊருக்குப் பொருந்தும் பத்துக் கேள்விகளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பாதி தமிழில், பாதி ஆங்கிலத்தில், ஒன்றிரண்டு தங்கிலீஷில். மாதம் ஒருமுறை, கணக்கில் நுழையாமல், ஒவ்வொரு கேள்வியையும் புது உரையாடலாகக் கேட்டு, எந்தக் கடை வந்தது, எந்தப் பக்கத்தைச் சான்றாகக் காட்டியது என்று குறித்துவையுங்கள். தவறான நேரம் வந்தால் ஏஐயிடம் "அது தப்பு" என்று வாதாடுவதில் பயனில்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்தவரிடம் அதே தவறைச் சொல்லும். அது காட்டிய சான்றுப் பக்கத்துக்குப் போய் அங்கே திருத்துங்கள். பாதி நேரம் அது யாரும் தொடாத பழைய டைரக்டரிப் பதிவாகத்தான் இருக்கும்.

உறுப்பினரின் எண்ணையும் முகவரியையும் பொதுவில் போடுவதால் எழுத்துமூலச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, வீட்டு எண் வெளியே போய்விட்டால் பிறகு சமாளிக்க வேண்டியது நீங்கள்தான். கடைக்கென்று உள்ள எண்ணை மட்டும் போடுங்கள். சம்மதப் படிவத்திலேயே மேலே சொன்ன விவரங்களுக்கான கட்டங்களையும் அச்சடித்துவிட்டால், சந்தா ரசீது போடும்போதே நிரப்பி வாங்கிவிடலாம்.

டொமைனும் ஜிமெயிலும் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், செயலாளரின் மகன் பெயரில் வேண்டாம். டொமைனுக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில்தான் ஆகும். புதுப்பிக்க மறந்தால் வேறு யாராவது வாங்கி அதில் சூதாட்ட விளம்பரம் போடுவார்கள், உறுப்பினர் கடைகளின் இணைப்பெல்லாம் அங்கே போய் நிற்கும். புதுப்பிக்கும் தேதியைப் பொருளாளரின் கணக்குப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். சங்கத் தேர்தல் முடிந்து பொறுப்பு கைமாறும்போது முத்திரை, ரசீதுப் புத்தகம், வங்கிப் பாஸ்புக்கோடு இந்தக் கடவுச்சொற்களும், மீட்பு எண்ணாகக் கொடுத்திருக்கும் சிம் கார்டும் ஒப்படைப்புப் பட்டியலில் ஏறட்டும்.

இப்படிக்கு,
சிறு கடைகளுக்கு இணையப் பதிவு வேலை செய்துதருவோர் சிலர்